கொல்லிமலை ஏறும் முன் டயரைப் பாருங்க! பைக்கில் ஊர் சுற்றுவோர் காசைக் கோட்டை விடும் இடம்

நாமக்கல்:

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு ஏற மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கை அருவியில் குளிக்க, அறப்பளீஸ்வரரைக் கும்பிட, சும்மா ஒரு ரவுண்டு அடிக்க என்று சனி, ஞாயிறு வந்தால் சேலம், ஈரோடு, கரூர், திருச்சி பக்கம் இருந்து பைக்குகள் வரிசை கட்டுகின்றன. ஆடி மாதம் வல்வில் ஓரி விழா நேரத்தில் கேட்கவே வேண்டாம்.

வருகிற வண்டிகளைப் பார்த்தால் கண் கூசும். இரண்டு பக்கமும் பை, முன்னால் ஜோடி லைட்டு, ஹேண்டில்பாரில் செல்போன் ஸ்டாண்டு, இன்ஜினைச் சுற்றி கிராஷ் கார்டு. எல்லாம் பளபளப்பு. ஆனால் குனிந்து பின் டயரைப் பார்த்தால் பல வண்டிகளில் நடுவில் பட்டன் தேய்ந்து மொட்டையாக இருக்கும்.

லாரிக்கு பாடி கட்டுவதில் நாடு முழுக்க பேர் எடுத்த ஊர் நாமக்கல். இங்கே லோடு ஏற்றும் முன் கம்பியால் டயரைத் தட்டிப் பார்க்காத லாரி டிரைவர் கிடையாது. அதே டிரைவர் லீவு நாளில் பெண்டாட்டி, பிள்ளையை பைக்கில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும்போது டயரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. லாரிக்கு குறைந்தது 6 சக்கரம். பைக்குக்கு ரெண்டே ரெண்டுதான்.

ஓடும் பைக்கில் ஒரு டயர் ரோட்டைத் தொடுவது ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு இடம் மட்டுமே. பிரேக் பிடிப்பதும், வளைவில் சாய்வதும், மழையில் வழுக்காமல் நிற்பதும் அந்த உள்ளங்கை அளவு ரப்பரை நம்பித்தான். அதனால் காசு கையில் இருந்தால் முதலில் டயருக்கு, மிச்சம் இருந்தால்தான் மற்ற சாமான்களுக்கு. நம்ம ஆட்கள் செய்வது தலைகீழ்.

எந்த டயரை வாங்குவது, எதை வாங்கக் கூடாது, எந்த சாமான் உண்மையிலேயே தேவை? விவரம் இதோ.

எப்போது மாற்ற வேண்டும்?

டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ, சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராக பட்டன் பள்ளத்துக்குள் பார்த்தால் சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்கு சமமாக வந்துவிட்டால் டயர் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். "இன்னும் ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும்" என்று இழுத்தடிக்கக் கூடாது. மழைத் தண்ணீரை பக்கவாட்டில் தள்ளிவிடுவது அந்தப் பள்ளம்தான். பள்ளம் இல்லாவிட்டால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து வண்டி மிதக்கும். பிரேக் பிடித்தாலும் நிற்காது.

பை-பாசில் நேராகவே ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து சப்பையாகிவிடும். ஓரத்தில் பட்டன் புதுசு போல இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. மலை வளைவில் வண்டியைச் சாய்க்கும்போதுதான் சப்பையான விளிம்பில் ஏறி இறங்குவது போல் உதறும். மொட்டை டயரின் சுபாவம் 70 வளைவில்தான் வெளியே வரும்.

பட்டன் இருந்தால் மட்டும் போதாது. வயசும் முக்கியம். ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகிப் போகும். பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தாலோ, எங்காவது புடைத்திருந்தாலோ அந்த டயரை நம்பி மலை ஏறக் கூடாது. 5 வருஷம் தாண்டிய டயரை வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது. வீட்டில் சும்மா நின்ற வண்டிதானே என்று நினைப்பதும் தப்பு. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் கடையில் யாரும் ஏமாற்ற முடியாது.

உதாரணமாக 120/80-18 62P என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 80 என்பது டயரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம் என்பதைக் குறிக்கும். 18 என்பது ரிம்மின் அளவு, இஞ்சில். 62 என்பது எடை தாங்கும் குறியீடு. 62 என்று போட்டிருந்தால் அந்த டயர் 265 கிலோ வரை தாங்கும். கடைசியில் உள்ள எழுத்து வேகத்தைச் சொல்லும். பி என்றால் மணிக்கு 150 கிலோ மீட்டர், எஸ் என்றால் 180, எச் என்றால் 210.

பழைய வண்டிகளில் 2.75-18, 3.25-19 என்று இருக்கும். அது இஞ்சு கணக்கு. முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் அளவு.

அடுத்து தயாரித்த தேதி. ஒரு நீள்வட்டத்துக்குள் 4 இலக்க எண் இருக்கும். 2325 என்று இருந்தால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். "ஆபர்" என்று சொல்லி சில கடைகளில் குறைந்த விலைக்குத் தருவது 3, 4 வருஷம் மூலையில் கிடந்த சரக்காக இருக்கலாம். பில் போடும் முன் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எடைக் கணக்கு போடுங்க

350 சி.சி. கிளாசிக் புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். இப்போது வரும் வண்டியின் எடை 195 கிலோ. ஓட்டுகிறவர் 70 கிலோ, பின்னால் உட்காருபவர் 65 கிலோ, ரெண்டு பக்கப் பை, டேங்க் பை எல்லாம் சேர்த்து 20 கிலோ. மொத்தம் 350 கிலோ. இதில் பாதிக்கு மேல் பின் டயர் தலையில்தான் விழும். பின்னால் இருக்கும் ஆளும் பையும் கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு மேலேயே இருப்பதுதான் காரணம்.

கம்பெனி கொடுத்த டயர் இந்தக் கணக்கைப் பார்த்துப் போட்டது. விலை குறைவு என்று எடைக் குறியீடு குறைந்த டயரை வாங்கி மாட்டினால், பள்ளத்தில் இறங்கும் போதெல்லாம் டயர் நசுங்கும், சூடாகும். மே மாத வெயிலில் தார் ரோட்டில் தொடர்ந்து 2 மணி நேரம் ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை. எடைக் குறியீடும், வேக எழுத்தும் கம்பெனி சொன்னதற்குச் சமமாகவோ, அதிகமாகவோ இருக்கலாம். குறையவே கூடாது.

அகல டயர் ஆசை வேண்டாம்

வாலிபர்கள் பலர் பின்னால் பெரிய டயர் மாட்டினால் வண்டி கெத்தாக இருக்கும் என்று 120 இருந்த இடத்தில் 140 போடுகிறார்கள். ரிம் அதே அளவுதான். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் ரெண்டு பக்கமும் அமுங்கி, நடுப்பகுதி கூம்பு போல எழும்பிவிடும். ரோட்டைத் தொடும் இடம் கூடும் என்று நினைத்தால் அந்தப் பலன் கிடைக்காது. வளைவில் திருப்புவது கனமாகும். மைலேஜ் குறையும். சில வண்டிகளில் செயினிலும், மட்கார்டிலும் உரசும். கம்பெனி சொன்ன அளவே போதும். ஒரு சைஸ் கூட்ட வேண்டும் என்றால் அந்த ரிம்மின் அகலத்துக்கு அது பொருந்துமா என்று டயர் கம்பெனி அட்டவணையைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

முன் டயரை பின்னாலும், பின் டயரை முன்னாலும் மாட்டலாமா?

ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் ரெண்டு சக்கரமும் ஒரே அளவு. அதனால் பாதி தேய்ந்த பின் டயரைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, பின்னால் புதுசு மாட்டும் பழக்கம் உண்டு. இது ஆபத்து. முன் டயர் நேர்கோட்டில் பிடித்துத் திரும்புவதற்காக வடிவமைத்தது. பின் டயர் இழுவைக்கு. பட்டன் டிசைனே வேறு. அதுவும் தவிர, பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முழுக்க முன்னால்தான் பாயும். பின் சக்கரம் வழுக்கினால் பல சமயம் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் கண் இமைக்கும் நேரத்தில் ஆள் ரோட்டில்.

டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். வண்டி முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் அந்த அம்பு இருக்க வேண்டும். மாட்டி முடித்ததும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டியூப்பா, டியூப்லெஸ்ஸா?

அலாய் வீல் வண்டி என்றால் பெரும்பாலும் டியூப்லெஸ். ஆணி குத்தினாலும் காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். ஆணி தெரிந்தால் அந்த இடத்திலேயே பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் காற்று முழுக்க போய்விடும். ஒட்டுவதற்கு கையில் கிட் இருந்தாலோ, பக்கத்தில் கடை இருந்தாலோதான் பிடுங்க வேண்டும். பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. டயரையே மாற்றத்தான் வேண்டும்.

ஸ்போக்ஸ் கம்பி வீல் என்றால் சாதாரணமாக டியூப்தான். கம்பி மாட்டிய ஓட்டை வழியாகக் காற்று போய்விடும் என்பதால் உள்ளே டியூப் இல்லாமல் முடியாது. டியூப் பஞ்சரானால் சில நொடிகளில் காற்று காலி. அதனால் கம்பி வீல் வண்டிக்காரர்கள் ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. டயர் மாற்றும்போது டியூப்பையும், ரிம்முக்குள் இருக்கும் ரப்பர் பட்டையையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். நாலைந்து ஒட்டுப் போட்ட பழைய டியூப்பை புது டயருக்குள் வைப்பது, புது வேட்டிக்குள் கிழிந்த பர்சை வைப்பது மாதிரி. அப்படியே ரிம் கோட்டம் இருக்கிறதா, கம்பி லூசா, பேரிங் ஆடுகிறதா என்றும் பார்த்துவிடலாம். சக்கரம் கழன்று கிடக்கும்போது இது கூடுதல் வேலையே இல்லை.

எந்த கம்பெனி நல்லது?

டயர் கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. டயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு பஞ்சமே இல்லை. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எப். டி.வி.எஸ். யூரோகிரிப் டயருக்கு சொந்த ஊர் மதுரை. 1955-ல் புல்லட் தயாரிப்பு தொடங்கியதும் சென்னையில்தான்.

பெயர் பெற்ற கம்பெனி எதுவானாலும் சரி, பார்க்க வேண்டியது உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற ரகமா என்பதைத்தான். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் அதிக கிலோ மீட்டர் ஓடும், மழையில் பிடிப்பு கொஞ்சம் குறையும். தார் ரோட்டில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ள ரகம் போதும். கட்டி கட்டியாக பட்டன் உள்ள காட்டு டயர் பார்க்க அழகு. ஆனால் தார் ரோட்டில் இரைச்சல் போடும், மழையில் சாயும்போது பிடிப்பும் குறைவு. மண் பாதைக்கே போகாதவர்களுக்கு அது வீண் செலவு.

முன்னால் ஒரு ரகம், பின்னால் வேறொரு ரகம் என்று கலந்து போடுவதையும் தவிர்க்க வேண்டும். முக்கியமாக ஒன்று ரேடியல், இன்னொன்று சாதாரண நைலான் டயர் என்று வண்டி கம்பெனி சொல்லாமல் நாமாக கலக்கக் கூடாது.

மாட்டிய மறுநாளே மலை ஏறாதீங்க

பலருக்குத் தெரியாத விஷயம் இது. புது டயரின் மேல்பகுதி வழவழப்பாக இருக்கும். அது தேய்ந்து ரப்பரின் உண்மையான பிடிப்பு வர முதல் 150 கிலோ மீட்டர் வரை ஆகலாம். அதுவரை திடீர் பிரேக், அதிகச் சாய்வு கூடாது. வெள்ளிக்கிழமை ராத்திரி டயர் மாட்டி, சனிக்கிழமை காலையில் காரவள்ளியில் நிற்பது வம்பை விலைக்கு வாங்குவது. குறைந்தது ஒரு வாரம் முன்பே மாற்றி, வேலைக்குப் போய் வர ஓட்டிப் பழக்கிவிட வேண்டும்.

காத்து எவ்வளவு?

செயின் கார்டிலோ, பின் சக்கரத்தின் பக்கத்திலோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒரு ஆளுக்கு எவ்வளவு, ரெண்டு ஆளுக்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ரெண்டு பேர் போகும்போது பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

காற்று குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கிச் சூடாகும். வெடிக்கவும் செய்யும். அதிகமானால் ரோட்டைத் தொடும் இடம் சுருங்கி வழுக்கும். மழைக்கு காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்று சிலர் சொல்வதை நம்பக் கூடாது. காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்திய உடன் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து காற்றை இறக்கிவிடக் கூடாது.

நைட்ரஜன் காற்று அடித்தால் நல்லதா என்றால், நல்லதுதான். ஆனால் சாதாரண காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை சரியாகப் பார்த்து அடிக்கிற சாதா காற்றே போதும்.

தேவையான சாமான் எது?

முதலில் ஹெல்மெட். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட் விற்க 2021 ஜூன் முதல் தடை உள்ளது. ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைப்பது போலீசுக்குக் காட்டத்தான் ஆகும், தலைக்கு ஆகாது. பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம்.

அடுத்து காற்று அளக்கும் சின்ன மீட்டர், கை பம்பு. டியூப்லெஸ் வண்டிக்கு பஞ்சர் கிட். டியூப் வண்டிக்கு அதே அளவில் ஒரு ஸ்பேர் டியூப், டயர் கழற்றும் லீவர் 2. மலையில் பாதி வழியில் நின்றால் கடையைத் தேடி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அப்போது இவை தங்கம்.

பை விஷயத்தில் ரெண்டு பக்கமும் சம எடை இருக்க வேண்டும். கனமான சாமான் கீழே, ஓட்டுகிறவருக்கு நெருக்கமாக. பின் சக்கரத்தையும் தாண்டி பின்னால் பெட்டி மாட்டி அதில் கனத்தை ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடும். பை சைலன்சரில் படக் கூடாது. கட்டிய கயிறும், வாரும் செயினுக்கோ சக்கரத்துக்கோ போகாமல் முடிச்சுப் போட வேண்டும்.

பை மாட்டுவதற்காக சேலை கார்டைக் கழற்றுவது பெரிய தப்பு. பின்னால் உட்காருபவருக்கு கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. சேலையும், துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அழகு கெடும் என்று கழற்றிவிட்டு பின்னால் மனைவியை ஏற்றாதீர்கள்.

கிராஷ் கார்டு நல்லது. மெதுவாகப் போகும்போது சாய்ந்தால் காலையும், இன்ஜினையும் காப்பாற்றும். ஆனால் வண்டி மாடலுக்குப் பொருந்தும் தரமான கம்பியாக, சேசிசில் போல்ட் போட்டு மாட்டுவதாக இருக்க வேண்டும்.

வேண்டாத சாமான் எது?

கண் கூசும் எல்.இ.டி. லைட்டு. கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து இறங்கும் பஸ் டிரைவர் கண்ணில் அடித்தால் அவருக்கு ரோடே தெரியாது. ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான். லைட்டைக் கண்டபடி ஒயரில் ஒட்டுப் போட்டு மாட்டினால் பேட்டரி இறங்குவதோடு ஒயர் உருகவும் வாய்ப்பு உண்டு.

படபடவென்று வெடிக்கும் சைலன்சர், காதைப் பிளக்கும் ஏர் ஹாரன் இரண்டும் சட்டப்படி தப்பு. அபராதம் கட்டும் காசுக்கு ஒரு நல்ல டயர் வாங்கிவிடலாம். சின்னக் கண்ணாடி ஸ்டைல் என்று பெரிய கண்ணாடியைக் கழற்றுவதும் வேண்டாம். பின்னால் வரும் லாரி தெரிய வேண்டும்.

கிளம்பும் முன் 5 நிமிஷம்

முதல் நாள் சாயங்காலமே வண்டியை நடு ஸ்டாண்டு போடுங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றி ஆணி, கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டன், வெடிப்பு, புடைப்பு பாருங்கள். வால்வு மூடி இருக்கிறதா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, செயின் தொங்குகிறதா என்று பாருங்கள். காலையில் காற்று அளந்து அடியுங்கள்.

மலையில் இறங்கும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டுவது பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வழி அல்ல. முதல் அல்லது இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி 70 வளைவும் இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். அப்போது எந்த கம்பெனி டயரும் காப்பாற்றாது.

லைட்டு, ஸ்டாண்டு எல்லாம் அடுத்த மாத சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம். டயர் தேய்ந்திருந்தால் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். காசு இல்லையா? கொல்லிமலை எங்கேயும் போய்விடாது. டயர் மாற்றிவிட்டு அடுத்த மாதம் போங்கள்.